பழைய துப்பாக்கி மருந்து டப்பா: அறிகுறி பார்த்துச் செய்ய வேண்டியவை

எங்கள் துப்பாக்கி ரேஞ்சில் ரீலோடிங் செய்துவந்த பெரியவர் யாராவது காலமானால், இரண்டு மூன்று வாரத்தில் எனக்கு ஒரு போன் வரும். பெரும்பாலும் மகனோ மருமகளோ பேசுவார்கள். கராஜில் ஒரு அலமாரி நிறைய டப்பா, என்ன செய்வதென்று தெரியவில்லை என்பார்கள். போன கோடையில் ஒஹையோவில் வீடு வாங்கிய தம்பி ஒருவர் கூப்பிட்டார். "அண்ணா, பேஸ்மென்ட்ல பழைய ஓனர் விட்டுட்டுப் போன தகர டப்பா பதினாலு இருக்கு. டூபான்ட்னு போட்டிருக்கு. பெயின்ட்னு நெனச்சுக் குப்பையில போடப் போனேன்." டூபான்ட் பெயின்டும் செய்த கம்பெனிதான். ஆனால் அந்தப் பதினாலில் ஒன்றுகூடப் பெயின்ட் இல்லை.

சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் புது ப்ரைமர் (அடி பட்டதும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடி), புது மருந்து, புதுக் குண்டு வைத்துத் தோட்டாவை மறுபடி தயாரிப்பதுதான் ரீலோடிங். அமெரிக்காவில் பல வீடுகளில் தலைமுறையாக நடக்கும் பொழுதுபோக்கு இது. துப்பாக்கி கெட்டிக்கும் நம் பழைய வழக்கையொட்டி, பவுடரை நான் மருந்து என்றே எழுதுகிறேன். மருந்து அளவு எதையும் இங்கே தரப்போவதில்லை. அது கம்பெனி கையேட்டில் இருக்க வேண்டியது.

## எதையும் தொடும் முன்

அலமாரியை இருந்தபடியே போட்டோ எடுங்கள். பிறகு, மருந்தே அல்லாத ஒன்றைத் தேடுங்கள்: டைனமைட். 1970 வரை அமெரிக்க விவசாயிகள் மரத்தின் அடிக்கட்டையைப் பெயர்க்க டைனமைட்டைக் கடையில் சாதாரணமாக வாங்கினார்கள். டூபான்ட், ஹெர்குலஸ் ஆகிய இரண்டு மருந்துக் கம்பெனிகளுமே டைனமைட்டும் செய்தவை. அதனால் துப்பாக்கி மருந்து டப்பாவில் பார்த்துப் பழகிய பெயரே டைனமைட் பெட்டியிலும் இருக்கும். மெழுகுத்தாள் சுற்றிய குச்சி, அதன்மேல் எண்ணெய் வியர்த்தது போன்ற பளபளப்பு, அல்லது பென்சில் தடிமனில் ஒரு பக்கம் திறந்த உலோகக் குழாய், இரண்டு ஒயர் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு குழாய் (இந்தக் குழாய்கள் டைனமைட்டை வெடிக்க வைக்கும் டெட்டனேட்டர்கள்), இவற்றில் ஒன்று கண்ணில் பட்டாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெளியே வந்து 911-ஐ அழையுங்கள். நகர்த்தி வைத்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம்.

அப்படி எதுவும் இல்லையென்றால், டப்பாக்களை ஒவ்வொன்றாக வெளியே நிழலுக்குக் கொண்டு வாருங்கள். பேஸ்மென்டிலேயே திறக்கக் கூடாது. வாட்டர் ஹீட்டரின் பைலட் சுடர் அங்கேதான் எரிந்துகொண்டிருக்கும். சிந்தியதை வாக்குவம் கிளீனரால் உறிஞ்சவும் கூடாது, மோட்டாரின் பொறி ஒன்று போதும். ஈரத்துணியாலோ பெருக்குமாறாலோ கூட்டுங்கள். பக்கத்தில் ஒரு பக்கெட் தண்ணீர் இருக்கட்டும்.

லேபிளைப் பார்த்து முதலில் இரண்டாகப் பிரியுங்கள், கருமருந்து ஒருபுறம், புகையில்லா மருந்து ஒருபுறம். லேபிளில் எஃப்ஜி, எஃப்எஃப்ஜி, எஃப்எஃப்எஃப்ஜி என்று எழுத்து அடுக்கியிருந்தால் கருமருந்து. வெடியுப்பு, கரி, கந்தகம் சேர்ந்த அந்தக் காலத்து மருந்து அது. நூறு வருடமானாலும் ஈரம் படாமல் இருந்தால் வீரியம் குறையாது, அதனால்தான் அதற்கு அதிகம் பயப்பட வேண்டும். அதற்குப் பின் வந்த புகையில்லா மருந்து இதற்கு நேர்மாறு, தனக்குத்தானே மெல்ல அழியும்.

## அறிகுறி: திறந்ததும் மூக்கில் ஏறும் நெடி

எனக்கு வரும் போன்களில் பாதி இதைப் பற்றித்தான். வாடை அடித்தாலே கெட்டுப்போனது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு.

நெயில் பாலிஷ் அழிக்கும் திரவம் போலவோ ஸ்பிரிட் போலவோ இருந்தால்: நல்லது. ஈதர், ஆல்கஹால், அசிடோன் ஆகியவை மருந்து செய்யும்போது சேர்த்த கரைப்பான்கள். ஐம்பது வருடம் கழித்தும் அந்த வாடை இருக்கிறதென்றால் மூடி இறுக்கமாக இருந்திருக்கிறது என்று அர்த்தம்.

பழைய புத்தக வாடை, பூஞ்சை வாடை: பக்கம் அட்டையும் மேலும் கீழும் தகரமுமாக வந்த டப்பாக்களில் இது சகஜம். அட்டை ஈரம் இழுத்திருக்கிறது. மருந்து நன்றாகவும் இருக்கலாம், கட்டி தட்டியும் இருக்கலாம். கீழே கட்டி பற்றிய பகுதியைப் பாருங்கள்.

மூக்கின் உள்ளே சுருக்கென்று குத்தி, கண்ணில் நீர் வரவைக்கும் அமில நெடி: கெட்டுவிட்டது. மருந்து அழியாமலிருக்க அதில் கலந்திருக்கும் நிலைநிறுத்தி தீர்ந்து, உள்ளே நைட்ரிக் அமிலமும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் உருவாகிவிட்டன. இது மீளாது.

சோதிக்கும் முறை: டப்பாவைக் கையெட்டும் தூரத்தில் வைத்து, மூடியைத் திறந்து, உள்ளங்கையால் காற்றை உங்கள் பக்கம் தள்ளி முகருங்கள். மூக்கை டப்பாவின் வாயில் வைத்து இழுக்காதீர்கள். சந்தேகமாக இருந்தால் நீல லிட்மஸ் தாள் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து, மருந்தில் படாமல் டப்பாவின் வாயருகே ஒரு நிமிடம் பிடியுங்கள். சிவந்தால் தீர்ப்பு வந்துவிட்டது. சிவக்காவிட்டால் நல்ல மருந்து என்ற சான்றிதழாக அதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த சோதனைக்குப் போகலாம் என்பது மட்டுமே அதற்கு அர்த்தம்.

எவ்வளவு வருடம் தாங்கும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். வருடத்தை வைத்துச் சொல்லவே முடியாது. ஒரே வீட்டில், ஒரே லாட் எண்ணில் (ஒரே தயாரிப்புத் தொகுதியில்) இரண்டு டப்பா எடுத்தேன். பேஸ்மென்ட் தரையில் இருந்தது நேற்று வாங்கியது போல ஈதர் வாடையோடு இருந்தது. பரணில் கோடை வெயிலில் வெந்த மற்றதைத் திறந்தபோது நான் இரண்டடி பின்வாங்கினேன். வயதைவிட வெப்பம்தான் கொல்கிறது. புது மருந்தும் விதிவிலக்கல்ல. 2015-இல் ஹாட்ஜ்டன் நிறுவனம் ஐ.எம்.ஆர். 4007 எஸ்எஸ்சி மருந்தின் சில லாட்களைத் திரும்பப் பெற்றது. வேகமாக அழிந்து தானே தீப்பற்றும் அபாயம் இருந்ததே காரணம். டப்பாவைத் தண்ணீரால் நிரப்புங்கள் என்பதே அவர்கள் சொன்ன முதல் வேலை. அந்தப் பெயர் கொண்ட டப்பா கிடைத்தால் லாட் எண்ணை அறிவிப்போடு ஒப்பிடாமல் வீட்டுக்குள் வைக்காதீர்கள்.

கெட்டது உறுதியானால் செய்ய வேண்டியதும் அதேதான். வெளியே வைத்தே டப்பா நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அழகான லேபிள் போகிறதே என்று தயங்கி வேறு பாத்திரத்துக்கு மாற்றும் வேலை வேண்டாம். புகையில்லா மருந்தைத் தண்ணீர் அழித்துவிடாது, அடக்கி வைக்கும். காய்ந்தால் மறுபடி எரியும். ஆகவே கொண்டுபோய்க் கொடுக்கும் வரை ஈரமாகவே இருக்கட்டும்.

யாரை அழைப்பது: ஓரிரு பவுண்டு என்றால் உங்கள் கவுன்டியின் அபாயக் கழிவு மையம். பல மையங்கள் வெடிபொருள் என்றதும் வாங்க மறுக்கும். அப்போது தீயணைப்புத் துறையின் அவசரமல்லாத எண்ணுக்கு அழையுங்கள். கெட்ட மருந்து ஐந்தாறு டப்பாவுக்கு மேல் ஒரே இடத்தில் இருந்தால் நேரே அவர்களையே கூப்பிடுங்கள். அளவு கூடக் கூட உள்ளே பிறக்கும் சூடு வெளியேற வழியில்லாமல் போகும். 1907-இல் இயேனா, 1911-இல் லிபர்டே என்ற இரண்டு பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் துலோன் துறைமுகத்தில் வெடித்தது கிடங்கிலிருந்த கெட்ட மருந்தால்தான். எதிரியின் குண்டு ஒன்றுகூட அவற்றின்மேல் விழவில்லை.

## அறிகுறி: செந்தூள், அல்லது மூடிக்கடியில் துரு

எளிதானதிலிருந்து வருவோம்.

மருந்தே நிறம் சேர்த்ததாக இருக்கலாம். ஹெர்குலஸ் ரெட் டாட் மருந்தில் சிவப்புத் துணுக்குகள் வேண்டுமென்றே கலந்தவை. கிரீன் டாட், ப்ளூ டாட் அப்படியே. இது தெரியாமல் நல்ல மருந்தைத் தண்ணீரில் போட்டவர்கள் உண்டு. நிறம் தனித்தனித் துணுக்காக இருந்தால் அடையாளச் சாயம். எல்லா மணியின் மேலும் பொடியாகப் படிந்து, கொட்டும்போது செம்பழுப்புப் புழுதியாக எழுந்தால் சாயம் அல்ல.

டப்பாவின் துருவாக இருக்கலாம். வெளியே ஈரம் பட்டுத் தையல் வழியாக உள்ளே வந்த துரு கீழ்ப்பகுதியிலும் மூலைகளிலும் இருக்கும். கழுத்திலும் மூடியின் அடிப்பக்கத்திலும், அதாவது மருந்து தொடாமல் அதன் ஆவி மட்டும் தொடும் இடத்தில் துரு இருந்தால், அமிலம் உள்ளிருந்து கிளம்பியிருக்கிறது. நான் மூடியை வைத்தே பாதித் தீர்ப்பு சொல்லிவிடுவேன்.

மருந்து அழிகிறது. ஒரு கரண்டி அளவை வெள்ளைத் தாளில் பரப்புங்கள். மணிகள் மங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, செம்பொடி பூசியிருந்தால் மேலே சொன்ன தண்ணீர் வைத்தியம்தான். வாடை லேசாகத்தானே இருக்கிறது என்று விட்டுவைக்காதீர்கள். பிளாஸ்டிக் டப்பாவில் துரு வராது. அங்கே தூளும் நெடியும் மட்டுமே சாட்சி.

## அறிகுறி: டப்பா தொட்டால் சூடு, மூடி உப்பல், பழுப்புப் புகை

இதில் சோதனை இல்லை. எல்லாரையும் வெளியேற்றி 911. நீங்கள் நகர்த்த வேண்டாம்.

## அறிகுறி: கட்டி கட்டியாக இருக்கிறது

புகையில்லா மருந்து என்றால் டப்பாவை மெல்லச் சாய்த்துப் பாருங்கள். பக்கத்தில் ஒட்டியிருந்து லேசாகத் தட்டியதும் உதிர்ந்தால் நிலைமின்சாரம், கவலையில்லை. உதிராமல் கட்டியாக விழுந்தால் ஈரமோ அழிவோ. ஈரம் பட்டதை வெயிலில் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாமா என்று கேட்பார்கள். கூடாது. மருந்தின் எரியும் வேகம் அதிலிருக்கும் ஈரத்தையும் பொறுத்தது. நனைந்து காய்ந்த மருந்து எந்தக் கையேட்டிலும் இல்லாத ஒரு புது மருந்து.

மூடி தளர்ந்து வருடக்கணக்கில் காய்ந்துபோன மருந்துக்கும் இது பொருந்தும். அதன் எரியும் வேகம் கூடும். அதன் அறிகுறி டப்பாவில் தெரியாது, துப்பாக்கியில்தான் தெரியும். அதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

கருமருந்து கட்டி தட்டியிருந்தால் குச்சியால் குத்தி உடைக்க வேண்டாம். உரசலுக்கும் பொறிக்கும் சட்டென்று பிடிக்கும் மருந்து அது. அந்தக் கட்டியை மீட்டு எடுத்து மிச்சப்படுத்தும் காசுக்கு ஒரு விரல் விலை அதிகம். தண்ணீர் ஊற்றுங்கள். வெடியுப்பு கரைந்து இறங்கிவிடும், கரியும் கந்தகமும் சேறாக நிற்கும். உப்பு நீரைச் செடிக்கு ஊற்றாமல் அதையும் கழிவோடு சேர்த்து ஒப்படையுங்கள்.

## அறிகுறி: மூடி திறக்கவில்லை

புகையில்லா மருந்து டப்பா என்றால் ரப்பர் கையுறை, கை பலம், அவ்வளவே. சுடுதண்ணீர், ஹீட் கன், இடுக்கி, துளைப்பான் எதுவும் கிட்டே வரக் கூடாது. பழைய கருமருந்து டப்பாவின் திருகு மூடியில் மருந்துத் தூள் மரைக்குள் சிக்கியிருக்கும், திருகும் உரசலே அது பற்றிக்கொள்ளப் போதும். அதையும், கைக்கு வராத மற்ற டப்பாவையும் தீயணைப்புத் துறைக்கு விடுங்கள். ஆட்டிப் பார்த்தால் உள்ளே சத்தம் கேட்கவில்லை என்பதால் காலி என்று முடிவு செய்யாதீர்கள். கட்டி தட்டிய கருமருந்து சத்தமே போடாது. எடையைப் பாருங்கள்.

## அறிகுறி: லேபிள் இல்லை, அல்லது லேபிளை நம்ப முடியவில்லை

கெட்ட மருந்தை மூக்கு காட்டிக்கொடுத்துவிடும். தவறான மருந்து நல்ல வாடையோடு இருக்கும். அதனால் நான் அதிகம் அஞ்சுவது இதைத்தான்.

லேபிளே இல்லை, பீனட் பட்டர் ஜாடியில் இருக்கிறது. பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குச்சி மணி, உருண்டை மணி, தகடு மணி என்று வடிவம் சொல்லலாம். அதே வடிவத்தில், அதே நிறத்தில், வேகத்தில் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசமான இருபது மருந்துகள் உண்டு. அழியுங்கள். இதற்கு விதிவிலக்குக் கேட்டு யார் வந்தாலும் என் பதில் மாறியதில்லை.

லேபிள் இருக்கிறது, ஆனால் டப்பா திறந்த டப்பா. ஒருவர் இரண்டு கால் டப்பாக்களை ஒன்றாகக் கொட்டி இடம் மிச்சம் பிடித்திருக்கலாம். தாளில் பரப்பிப் பார்த்து இரண்டு வடிவ மணி தெரிந்தால் அழியுங்கள். ஒரே வடிவம் என்றால்? உரிமையாளரின் குறிப்பேடு தேதியோடு இருந்து, அவரை நீங்கள் அறிந்தும் இருந்தால் ஒழிய, நான் பயன்படுத்த மாட்டேன்.

சீல் உடையாத டப்பா, ஆனால் எண் குழப்பம். உதாரணத்துக்கு 4831. இரண்டாம் உலகப் போர் முடிந்து மிஞ்சிய ராணுவ மருந்தை வாங்கி விற்றுத்தான் புரூஸ் ஹாட்ஜ்டன் கன்சஸில் தொழில் தொடங்கினார். எச் 4831 அப்படி வந்தது (எச் என்றால் ஹாட்ஜ்டன்). 1973-இல் டூபான்ட் தன் ஐ.எம்.ஆர். 4831-ஐக் கொண்டுவந்தது. எண் ஒன்று, மருந்து ஒன்றல்ல. ஐ.எம்.ஆர். வேகமானது. எச் 4831-க்கான உச்ச அளவை அதில் போட்டால் அழுத்தம் எல்லை தாண்டும். 4895-லும் எச், ஐ.எம்.ஆர். என்று இரண்டு உண்டு. இன்று இரண்டு பெயரும் ஒரே கம்பெனி கையில் இருக்கின்றன. ஹாட்ஜ்டன் 2003-இல் ஐ.எம்.ஆர்.-ஐ வாங்கிவிட்டது. அதனால் குழப்பம் கூடியதே தவிர மருந்துகள் ஒன்றாகவில்லை. நேர்மாறான கதையும் உண்டு. வின்செஸ்டர் 296-ம் எச் 110-ம் பெயர் வேறானாலும் ஒரே மருந்து. 231-ம் எச்பி-38-ம் அப்படியே.

நூறு வருட டப்பா, "ஸ்மோக்லெஸ்" என்று மட்டும் போட்டிருக்கிறது. அந்தக் காலத்து ஷாட்கன் மருந்தில் 'பல்க்', 'டென்ஸ்' என்று இரு சாதி. பல்க் மருந்தைக் கருமருந்து அளக்கும் அதே கிண்ணத்தால், டிராம் (பழைய அளவு முறை) கணக்கில் அளக்கலாம். டென்ஸ் மருந்தை அப்படி அளந்தால் துப்பாக்கி பிளக்கும். இந்தக் காலத்து மருந்து எதையும் டிராம் கிண்ணத்தால் அளக்கக் கூடாது. பழைய கருவிப் பெட்டியில் அந்தப் பித்தளைக் கிண்ணம் கிடைத்தால் மேசையிலிருந்து எடுத்துக் காட்சிக்கு வையுங்கள்.

லாட் எண், கம்பெனி பெயர், எந்தப் பதிப்புக் கையேடு என்று மூன்றும் பொருந்தினால், வாடையும் நிறமும் தேறியிருந்தால், அந்த மருந்துக்கான கையேட்டின் குறைந்தபட்ச அளவிலிருந்து தொடங்கலாம். பெரியவர் எழுதிவைத்த "எனக்குப் பிடித்த அளவு" அவருடைய துப்பாக்கிக்கும் அவருடைய லாட்டுக்கும் உரியது.

## அறிகுறி: ப்ரைமர் அடிக்கிறது, வெடிக்கவில்லை

முதலில் துப்பாக்கியையும் உங்கள் கையையும் சந்தேகியுங்கள். ப்ரைமர் கூட்டின் அடியோடு சமமாகவோ மயிரிழை உள்ளேயோ உட்கார வேண்டும். சற்றே வெளியே நின்றால் முதல் அடி அதை உள்ளே தள்ளுவதோடு தீர்ந்துபோகும், இரண்டாம் அடியில் வெடிக்கும். அப்படி நடந்தால் ப்ரைமர் குற்றமல்ல. அடுத்து, சுத்தியல் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். அதே துப்பாக்கியில் புது ப்ரைமர் பத்தும் வெடித்து, பழையது பத்தில் மூன்று ஊமையானால்தான் பழையதைக் குற்றம் சொல்லலாம்.

எண்ணெய்க் கையால் தொட்டாலே ப்ரைமர் செத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. சில சாகும், சில சாகாது. எண்ணெயிலோ தண்ணீரிலோ ஊறப்போட்டு "செயலிழக்கச் செய்த" ப்ரைமர் காய்ந்தபின் வெடித்ததுண்டு. அதனால் ஊறியதையும் உயிருள்ளதாகவே நடத்துங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பெட்டி நைந்துவிட்டதென்று ப்ரைமர்களை ஒரு கண்ணாடி ஜாடியில் கொட்டி வைக்காதீர்கள். ஒன்று வெடித்தால் மொத்தமும் ஒரே நொடியில் வெடிக்கும், கண்ணாடி சிதறும். ஏற்கெனவே அப்படிக் கொட்டிய ஜாடி கிடைத்தால் குலுக்காமல், திறக்காமல், தீயணைப்புத் துறையை அழையுங்கள். போன வருடம் நான் பார்த்த ஒரு கராஜில் மூன்று ஜாம் ஜாடிகள் ஜன்னலோரம் வரிசையாக இருந்தன. அவற்றை எடுக்க வந்தவர்கள் கவசம் போட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

வெடிக்கும் பழைய ப்ரைமருக்கும் ஒரு பின்கதை உண்டு. 1950-களின் தொடக்கம் வரை அமெரிக்க ராணுவத் தோட்டாக்களில் பொட்டாசியம் குளோரேட் ப்ரைமர் இருந்தது. சுட்டபின் குழலில் உப்பு படியும், ஒரே ராத்திரியில் துரு பிடிக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, தண்ணீர்தான் கரைக்கும். சுடுதண்ணீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து, காயவைத்து, அப்புறம் எண்ணெய் போடுங்கள். இன்னும் பழைய பாதரச ப்ரைமர் பித்தளையையே நொறுங்க வைக்கும். அதைச் சுட்ட கூடு மறுபடி ஆகாது.

## அறிகுறி: சுடும்போது ஏதோ தவறு

"டிக்" என்று மட்டும் கேட்டது. துப்பாக்கி இலக்கைப் பார்த்தபடியே இருக்கட்டும். பழைய மருந்தும் பழைய ப்ரைமரும் தாமதமாக வெடிப்பதில் பேர் போனவை. 30 விநாடி காத்திருப்பது பொது விதி, பழைய தோட்டா என்றால் நான் ஒரு நிமிடம் காக்கிறேன். பிறகு திறவுங்கள்.

"புஸ்" என்ற சத்தம், உதைப்பு இல்லை. நிறுத்துங்கள். மருந்து பற்றாமல் ப்ரைமர் மட்டும் வெடித்தாலும் குண்டைக் குழலுக்குள் தள்ளும் பலம் அதற்கு உண்டு. அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். காலி செய்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா பாருங்கள். அடைத்திருந்தால், கைத்துப்பாக்கி என்றால் பித்தளைக் கம்பியால் தட்டி எடுக்கலாம். ரைபிள் என்றால் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

உதைப்பு வழக்கத்தைவிடப் பலம், போல்ட் (குழலின் பின்பக்கத்தை அடைக்கும் பாகம்) கஷ்டப்பட்டுத் திறக்கிறது, ப்ரைமர் தட்டையாகியிருக்கிறது. அழுத்தம் மீறியிருக்கிறது. தோட்டா வெயிலில் கிடந்ததா? கூடு நீண்டு வெட்டாமல் விட்டதா? தராசு சரியா? இந்த மூன்றும் இல்லையென்றால் காய்ந்த மருந்தோ எண் குழப்பமோ. மீதித் தோட்டாக்களைச் சுட வேண்டாம், குண்டைப் பிரித்து எடுத்துவிடுங்கள்.

அலமாரியில் கிடைத்த, வேறொருவர் கெட்டிய தோட்டாக்களைச் சுடலாமா என்பதற்கு ஒரே பதில்: வேண்டாம். அவர் எவ்வளவு கவனமானவராக இருந்தாலும் கடைசி வருடங்களில் அவர் கண் எப்படி இருந்தது என்பது உங்களுக்குத் தெரியாது.

## அறிகுறி: பித்தளையில் களிம்பு, கழுத்தில் கீறல்

வெளியே பச்சைக் களிம்பு மெல்லியதாக இருந்து, புளியும் உப்பும் போட்டுத் துலக்கினால் போகும் அளவு என்றால் கூடு தேறும். வீட்டில் குத்துவிளக்கு துலக்கத் தெரிந்தவருக்கு இது புதிதல்ல. அலசி, நன்றாகக் காயவைத்துவிடுங்கள். துலக்கிய பிறகு குழி தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். உள்பக்கம், மருந்து தொட்டிருந்த இடத்தில் பச்சை இருந்தால் அந்த மருந்து அமிலம் கக்கியிருக்கிறது, கூடு எவ்வளவு மினுங்கினாலும் ஆகாது. அம்மோனியா கலந்த பாலிஷ் போடாதீர்கள், கழுத்தில் நீளவாக்கில் விரிசல் விடும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய 45 கோல்ட், 44 ஸ்பெஷல் கூடுகளை உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ப்ரைமர் குழி தரையிலிருந்து தனியாகக் குமிழ் போல எழுந்து நின்றால் அது பழைய பலூன் அடிக் கூடு. பலம் குறைவு. சேகரிப்பவர்களுக்குக் கொடுங்கள்.

ஈயக் குண்டில் வெள்ளைப் பொடி படிந்திருந்தால் ஊதாதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், அந்தப் பொடி நஞ்சு. ஈரத்துணியில் சுற்றி, உருக்குபவரிடம் கொடுங்கள். கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

## அறிகுறி: தராசு முள் நிற்கவில்லை, மருந்தை அளந்து விடும் மெஷரின் குப்பி மஞ்சள்

தராசுக் கத்திமுனையில் தூசியோ எண்ணெயோ இருக்கும். காய்ந்த தூரிகை போதும், எண்ணெய் போடவே கூடாது. மேசை மட்டமா, ஃபேன் ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகும் தெரிந்த எடைக்கல்லோடு ஒத்துவரவில்லையென்றால் மாற்றுங்கள். மெஷரின் பிளாஸ்டிக் குப்பி மஞ்சளாகி மங்கியிருந்தால் நைட்ரோகிளிசரின் உள்ள மருந்தை யாரோ மாதக்கணக்கில் அதில் விட்டுவைத்திருக்கிறார்கள். குப்பியைத் தொடர்ந்து பயன்படுத்தலாம். உள்ளே மிச்சமிருக்கும் மருந்து மட்டும், பக்கத்தில் அதே பெயர் டப்பா இருந்தாலும், லேபிள் இல்லாத மருந்துதான்.

## தேறிய மருந்தை எங்கே வைப்பது

அதன் சொந்த டப்பாவிலேயே. நெருப்புப் பட்டால் அழுத்தம் ஏறும் முன்பே பிளந்துகொள்ளும்படி மெலிதாகச் செய்த டப்பா அது. காற்றுப் புகாத இரும்புப் பெட்டியில் பூட்டினால் அந்தப் பாதுகாப்பை நீங்களே அழிக்கிறீர்கள். தீயணைப்பு விதிகளின்படி வீட்டில் 20 பவுண்டு வரை புகையில்லா மருந்தை மூல டப்பாவில் வைக்கலாம். 20-க்கு மேல் 50 வரை என்றால் ஓரங்குல மரப்பலகைப் பெட்டி வேண்டும். ப்ரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

## காலி டப்பா

மருந்து போனாலும் டப்பாவை நேசிப்பவர்கள் நிறைய. நானும் ஒருவன். ஹசார்ட், லாஃப்லின் அண்ட் ரேண்ட் போன்ற பெயர்கள் அச்சிட்ட தகரமும் தாளும் இனி வராது. தையலில், மடிப்பில் மிச்சமிருக்கும் மணிகளை மென்தூரிகையால் ஈரத்தாளில் தட்டி எடுங்கள். கருமருந்து டப்பா என்றால் உள்ளே மட்டும் தண்ணீர் விட்டு இரண்டு முறை அலசி, உடனே காயவைத்து, உள்பக்கம் மெலிதாக எண்ணெய் தடவுங்கள். வெளியே தாள் லேபிள் இருந்தால் ஒரு சொட்டும் படக் கூடாது. துருவைச் சுரண்டாதீர்கள், பாலிஷ் போடாதீர்கள், விரிசலைச் சால்டர் வைத்து ஒட்டாதீர்கள். காலி என்று நினைத்த டப்பாவின் தையலுக்குள் ஒரு சிட்டிகை கருமருந்து இருந்தாலும் சால்டர் சூடு அதைக் கண்டுபிடித்துவிடும்.

தபாலில் அனுப்பும் முன் மூடியைத் திறந்து, தலைகீழாக வெள்ளைத் தாளில் ஒரு முறை தட்டுங்கள். தாளில் ஒரு கரும்புள்ளி விழுந்தாலும் மறுபடி அலசுங்கள். ஒஹையோ தம்பியின் பதினாலு டப்பாவில் ஒன்பதை இப்படிச் சுத்தம் செய்து அவர் புத்தக அலமாரியிலேயே வைத்துக்கொண்டார். மீதி ஐந்தையும் தண்ணீர் நிறைந்தபடியே தீயணைப்பு வண்டியில் ஏற்றிவிட்டோம்.